ஒழுகுகிற தளத்தை உடைப்பதா, சரிசெய்வதா?

கேள்வி: எங்கள் வீடு ஊத்தங்கரைக்குப் பக்கத்தில். முன்பக்கம் 1993-இல் கட்டியது. ஒரு ஹால், இரண்டு அறை, ஆறு சதுரம், அதாவது 600 சதுர அடி, கான்கிரீட் தளம். பின்னால் இருக்கும் சமையல்கட்டு மாமனார் காலத்தது, கல் பலகை போட்டது. 2024 டிசம்பர் புயல் மழைக்குப் பிறகு ஹாலிலும் ஓர் அறையிலும் ஒழுக ஆரம்பித்தது. போன மாதம் அந்த அறையில் பூச்சோடு கான்கிரீட்டும் ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்து, கம்பி தெரிகிறது. மொத்தத்தையும் உடைத்துப் புதுத் தளம் போடச் சொல்கிறார் மேஸ்திரி. பெயிண்ட் கடையிலிருந்து வந்தவரோ, மாடியில் கெமிக்கல் அடித்துவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்கிறார். மகன் மேலே ஒரு போர்ஷன் எடுக்க வேண்டும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அம்மா, யார் சொல்வதையும் கேட்பதற்கு முன்னால் அந்த அறையைக் காலி செய்யுங்கள். விழுந்த இடத்தைச் சுற்றி இன்னும் விழக் காத்திருக்கும் துண்டுகள் கட்டாயம் இருக்கும். ஓரமாக நின்றுகொண்டு நீளமான கழியால் தட்டி, வருகிறவற்றை விழவிடுங்கள். தலையில் ஹெல்மெட் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். அந்த அறையின் ஃபேன், லைட் இணைப்பை மெயினிலேயே நிறுத்திவிடுங்கள். அந்த அறைக்கு நேர்மேலே சின்டெக்ஸ் தொட்டி இருந்தால் தண்ணீரை வடித்துவிட்டு, தொட்டியைச் சுவருக்கு மேலே வருகிற இடத்துக்கு மாற்றுங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன் பாரம்.

அடுத்தது முட்டு. சென்டரிங் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் இரும்பு ஜாக்கிகளை நாலு அடிக்கு ஒன்றாக நிறுத்தி, மேலே ஒரு பலகை, தரையில் ஒரு பலகை வைத்து, பலகை தளத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் திருகச் சொல்லுங்கள். சில பேர் 'நல்லா டைட்டா இருக்கட்டும்' என்று முறுக்கித் தளத்தையே தூக்கப் பார்ப்பார்கள். அப்படித் தூக்கினால் முட்டுக்கு நேர்மேலே தளத்தின் மேற்பரப்பு வெடிக்கும். அந்த இடத்தில் மேல்கம்பி இருக்காது. ஒழுக்கு இன்னும் கூடும்.

இப்போது உங்கள் கேள்வி. ஒழுக்கு வேறு, தளத்தின் பலம் வேறு. மேஸ்திரி பலத்துக்குப் பதில் சொல்கிறார், பெயிண்ட்காரர் ஒழுக்குக்குப் பதில் சொல்கிறார். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் முடிவு கிடைக்கும். ஒழுகுகிறது என்பதற்காக மட்டும் எந்தத் தளத்தையும் உடைக்க வேண்டியதில்லை. ஒழுக்கு நின்றுவிட்டது என்பதற்காக எந்தத் தளமும் பலமாகிவிடுவதும் இல்லை. உடைப்பதா வேண்டாமா என்பதை உள்ளே இருக்கும் கம்பியின் நிலைதான் தீர்மானிக்கும். அதைத் திறந்து அளந்து பார்க்காமல் சொல்லப்பட்ட எந்த யோசனையும் ஊகம்தான்.

கான்கிரீட் ஏன் பெயர்ந்தது என்று தெரிந்துகொண்டால் எங்கே தேட வேண்டும் என்பது தானாகப் புரியும். நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம். அதன் பி.எச். 12.5-க்கு மேலே இருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமிலவாயு வருஷக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் கரைத்துக்கொண்டே போகும். சுமாராகப் போட்ட கான்கிரீட்டில் முப்பது வருஷத்தில் 20 மி.மீ. ஆழம் வரைக்கும் போய்விடக்கூடும். கம்பிக்குக் கீழே 'கவர்' என்று குறைந்தது 15 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஆனால் அன்று சின்ன வீடுகளில் கம்பியை அந்த உயரத்தில் தாங்கும் சிறு கட்டையான கவர் பிளாக் வைத்தவர்கள் குறைவு. கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லித் துண்டைச் சொருகிவிட்டுக் கான்கிரீட் கொட்டுவார்கள். ஆள் மிதித்ததும் ஜல்லி நழுவும், கம்பி சென்டரிங் பலகையில் படுக்கும். பிறகு பூச்சு வேலையில் அதை மறைத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் போட்டது பெரும்பாலும் முறுக்குக் கம்பி. இன்றைய டி.எம்.டி. கம்பியைவிட அது சீக்கிரம் துருப்பிடிக்கும்.

காரம் போன கான்கிரீட்டுக்குள் ஈரமும் வந்தால் துரு கிளம்பும். இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை பருக்கும். அந்த நெருக்கலில்தான் அடிப்பகுதி கான்கிரீட் தட்டுத்தட்டாகக் கழன்று விழுகிறது. ஆகவே உங்கள் தளம் 2024-இல் கெட்டுப்போகவில்லை, அதற்கு வெகு முன்பே கெட ஆரம்பித்திருக்கும். ஃபெஞ்சல் புயலின்போது உங்கள் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஆறு சதுரத் தளத்தின் மேல் கிட்டத்தட்ட 28 ஆயிரம் லிட்டர் தண்ணீர். அது இருந்த ஓட்டைகளையெல்லாம் காட்டிக்கொடுத்திருக்கிறது.

இடையில் ஒன்று. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் 'புளோரைடு தண்ணியில கட்டின வீடு, அதான் கம்பி போச்சு' என்று அடிக்கடி சொல்வார்கள். நம் ஊர்த் தண்ணீரில் இருக்கும் அளவு புளோரைடு பல்லையும் எலும்பையும் பாதிக்கும், கம்பியை ஒன்றும் செய்யாது. கம்பிக்கு எமன் குளோரைடு, அதாவது உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, பி.எச். 6-க்குக் குறையக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. உங்கள் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் வேலை தொடங்குமுன் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். பெயர்ந்த இடங்களில் சாந்து வைத்து ஒட்டுப்போடத் தேவைப்படும் தண்ணீர் கொஞ்சம்தான். ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் அதையே பிடித்துவைத்துக்கொள்ளலாம்.

சோதனையை மாடியிலிருந்து தொடங்குங்கள். மழை விட்ட மறுநாள் ஏறிப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, வடிகுழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் நீளவாக்கில் விரிசல் ஓடுகிறதா? ஓடியே தீரும். வெயிலில் தளம் நீளுகிறது, சுவர் அந்த அளவுக்கு நீளுவதில்லை. மாடியில் பதித்த தட்டோட்டின் இணைப்புகளில் சாந்து கழன்றிருக்கும். கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருந்தால் அது வேரோடு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். இவற்றையெல்லாம்விடப் பல வீடுகளில் கவனிக்காமல் விடுவது, 'பின்னாடி மாடி எடுக்கலாம்' என்று மேலே நீட்டிவிட்டிருக்கும் கம்பிகள். முப்பது வருஷம் மழையில் நனைந்த கம்பியைச் சுற்றி மெல்லிய இடைவெளி விழுந்திருக்கும். அதன் வழியே தண்ணீர் நேரே தளத்துக்குள் இறங்கும். உங்கள் வீட்டிலும் மகன் கட்டுவான் என்று அன்றே கம்பி விட்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

தண்ணீர் கட்டிவைத்துப் பார்க்கிற சோதனை உங்கள் வீட்டுக்கு வேண்டாம். இரண்டு அங்குலத் தண்ணீர், சதுர மீட்டருக்கு 50 கிலோ. கம்பி தெரிகிற தளத்தின் மேல் அதை ஏற்றக் கூடாது. குழாய்த் தண்ணீரை ஓர் இடத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, கீழே ஈரம் பரவுகிறதா என்று இடம் மாற்றி மாற்றிப் பார்த்தாலே போதும்.

மாடியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வடிகுழாய் வாயிலும் ஓரத்திலும், தளத்துக்கும் தட்டோட்டுக்கும் நடுவே போட்டிருக்கும் சுருக்கியின் கனத்தை அளந்து பாருங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலு அங்குலம் போட்டால் சதுர அடிக்கு 17, 18 கிலோ வரும். ஐந்து அங்குலத் தளத்தின் சொந்த எடையே சதுர அடிக்கு 29 கிலோதான். இடையில் ஒருமுறை ஒழுகியபோது பழைய சுருக்கியை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்று போட்டிருந்தால், தளத்தின் எடையில் பாதிக்கு மேல் கூடுதலாக ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அப்படியானால் அதை இறக்குவதுதான் முதல் மராமத்து.

கீழே வாருங்கள். கையில் அரைக் கிலோ சுத்தி, ஒரு சாக்பீஸ், ஓர் ஏணி. தளத்தின் அடிப்பக்கத்தை ஒரு அடிக்கு ஒரு தட்டு வீதம் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்று கேட்கும், கழன்ற இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு, அறைவாரியாக எத்தனை சதுர அடி என்று எழுதுங்கள். பூச்சு மட்டும் கழன்றிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். அதனால் சந்தேகமான இடங்களில் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுக் கான்கிரீட்டையே தட்டிப் பார்க்க வேண்டும். விரிசல்களையும் குறியுங்கள். ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக நேர்கோட்டில் விரிசல்கள் ஓடினால் அவை கம்பியின் தடம், துரு உள்ளே வேலை செய்கிறது. சிலந்திவலை போன்ற மெல்லிய விரிசல் பூச்சின் கோளாறு, பயமில்லை. அறையின் நடுவில் குறுக்காக ஓடி, ஒரு பத்து ரூபாய்த் தாள் நுழையும் அகலத்துக்கு வாய் பிளந்தால் பொறியாளரைக் கூப்பிடும் விஷயம்.

தளம் தொய்ந்திருக்கிறதா என்பதற்கு நூல் போதும். எதிரெதிர்ச் சுவரில் தளத்துக்குக் கீழே சம இறக்கத்தில் ஆணி அடித்து, நூலை இழுத்துக் கட்டி, நடுவில் இடைவெளி எவ்வளவு குறைகிறது என்று அளங்கள். 12 அடி அகலத்துக்கு 15 மி.மீ. வரை ஒத்துக்கொள்ளலாம். பழைய வீட்டில் பூச்சே ஏற்ற இறக்கமாக இருக்கும் என்பதால் ஒரே அளவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆணியை அப்படியே விட்டுவைத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி அளங்கள். அளவு மாறியிருந்தால், அது எத்தனை மி.மீ. என்றாலும், தளம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இனிதான் முக்கியமான வேலை. நாலு இடத்தில் திறந்து பார்க்க வேண்டும். பெயர்ந்த அறையின் நடுவில் ஒன்று, அதே அறையில் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி ஒன்று, ஹாலில் ஒழுகுகிற இடத்தில் ஒன்று, நாலாவது கறை எதுவும் இல்லாத, கணீரென்று கேட்கிற இடத்தில். ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு அரை அடி. கம்பியை வயர் பிரஷ்ஷால் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்துவிட்டு வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். நாலாவது இடம் எதற்கென்றால், முறுக்குக் கம்பியின் அளவு வரிகளால் முன்பின்னாக இருக்கும். 8 மி.மீ. கம்பி என்று பில்லில் இருந்தாலும் கையில் அளந்தால் வேறு எண் வரலாம். அதே வீட்டின் நல்ல கம்பியோடு ஒப்பிட்டால்தான் இழப்பு சரியாகத் தெரியும். அறையின் குறுகிய பக்கமாக ஓடுகிற, அடியில் இருக்கிற கம்பிதான் பாரம் தாங்குவது. அதை அளங்கள்.

கணக்கு இதுதான். 8 மி.மீ. கம்பி 7.5 ஆகத் தேய்ந்திருந்தால் இரும்பில் 12 சதவீதம் போயிருக்கிறது. 7 ஆகியிருந்தால் 23 சதவீதம். விட்டத்தில் எட்டில் ஒரு பங்கு குறைந்தாலே பலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடுகிறது. பள்ளம் பள்ளமாக அரித்திருந்தால் பள்ளத்தின் ஆழமான இடத்தில்தான் அளக்க வேண்டும், சராசரி எடுக்கக் கூடாது.

திறந்த இடத்தில் காரம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்றும் பார்த்துவிடலாம். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பினால்ப்தலீன் கரைசலை, புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மேல் தூசி ஊதிவிட்டுத் தெளியுங்கள். இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது, நிறமே மாறாவிட்டால் போய்விட்டது. கம்பியைத் தாண்டியும் நிறம் மாறவில்லை என்றால், இன்று துருப்பிடிக்காத கம்பியும் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். அதற்காகவே உடைக்க வேண்டியதில்லை. தண்ணீரை அறவே நிறுத்தினால் துரு ஏறக்குறைய நின்றுவிடும். ரீபவுண்ட் ஹாம்மர் என்று ஒரு கருவியால் அடித்துவிட்டு 'கான்கிரீட் நல்ல ஸ்ட்ராங்' என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். கரியமிலவாயு ஏறிய மேற்பரப்பு கடினமாகி அந்தக் கருவி கூடுதலாகத்தான் காட்டும். கருவிச் சோதனை வேண்டும் என்று நினைத்தால் செட்டிக்கரையில் இருக்கும் தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரியின் சிவில் துறையிலோ சேலத்திலோ விசாரிக்கலாம். ஆறு சதுர வீட்டுக்கு நாலு இடம் திறந்து அளந்தாலே பெரும்பாலும் போதும்.

எண்கள் கைக்கு வந்ததும் நான் முடிவெடுக்கும் விதம் இது. ஓர் அறையில் பொத்தென்று கேட்கும் இடம் பத்தில் ஒரு பங்குக்குள், கம்பி இழப்பு 10 சதவீதத்துக்குள் என்றால் ஒட்டுப்போடலாம். இழப்பு 10 முதல் 25 வரை, ஆனால் சில கம்பிகளில் மட்டும் என்றால் கூடுதல் கம்பி சேர்த்து ஒட்டுப்போடலாம். அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழன்றிருந்தால், அல்லது வரிசையாகப் பல கம்பிகள் கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் அந்த அறையின் தளத்தை மாற்றுங்கள். ஒட்டுச் செலவு புதுத் தளச் செலவில் பாதியைத் தாண்டினாலும் மாற்றுவதே மேல். இதை அறைவாரியாகப் பாருங்கள், வீடுவாரியாகப் பார்க்காதீர்கள். கடிதத்திலிருந்து எனக்குப் படுவது, அந்த ஓர் அறையின் தளம் போகலாம், ஹாலையும் இன்னோர் அறையையும் காப்பாற்றிவிடலாம். மேஸ்திரி சொல்வதுபோல் ஆறு சதுரத்தையும் உடைக்க இதுவரை காரணம் தெரியவில்லை.

சன்ஷேடும் வெளியே நீட்டிய தளமும் இந்தக் கணக்குக்குள் வரா. அவற்றில் பாரம் தாங்கும் கம்பி மேற்பக்கம் இருக்கும். கீழே எவ்வளவு அழகாக ஒட்டினாலும் பயன் இல்லை. மேலே விரிசல் கண்டு, கம்பி துருப்பிடித்திருந்தால் அவை முன்னறிவிப்பு இல்லாமல் விழும். தயங்காமல் வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஒட்டுவேலையில் எங்கே தவறு நடக்கிறது என்றால், பெரும்பாலும் கொத்துவதில்தான். கொத்தனார் தெரிகிற கம்பியின் முகத்தை மட்டும் துடைத்துவிட்டுச் சாந்து அப்புவார். கம்பியின் பின்பக்கத் துரு அப்படியே இருக்கும், ஓரிரு மழைக்காலத்தில் அப்பியது கம்பியோடு கழன்று வரும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, 15 முதல் 20 மி.மீ., கொத்தி எடுக்க வேண்டும். நீளத்தில் துரு எங்கே முடிகிறதோ அதற்கு அப்பாலும் இரண்டு அங்குலம் போக வேண்டும். ஓரத்தைச் சரிவாக விடாமல் கட்டிங் மெஷினால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டிக்கொண்டால் ஒட்டின் விளிம்பு பிளக்காது. வெட்டும்போது பிளேடு கம்பியில் படக் கூடாது.

தேய்த்த கம்பிக்கு அன்றைக்கே ஜிங்க் பிரைமர் அடித்துவிட வேண்டும். இரவு விட்டால் பனியிலேயே மஞ்சள் ஏறும். கூடுதல் கம்பி சேர்ப்பதானால் நல்ல கம்பியோடு இரண்டு பக்கமும் விட்டத்தின் 50 மடங்கு ஒட்டி ஓட வேண்டும், 8 மி.மீ. கம்பிக்கு 40 செ.மீ. முறுக்குக் கம்பியில் வெல்டிங் வைக்காதீர்கள், சூட்டில் அதன் பலம் குறையும். கட்டுக்கம்பியால் கட்டினால் போதும். பிறகு பழைய கான்கிரீட்டை நனைத்து, மேலே நீர் மினுங்காமல் வடிந்ததும், எஸ்.பி.ஆர். லேடக்ஸ் என்ற ரப்பர் பாலும் சிமெண்டும் கலந்த கூழைப் பிரஷ்ஷால் பூச வேண்டும். விரலில் ஒட்டும் பதம் இருக்கும்போதே சாந்து ஏற வேண்டும். கூழ் காய்ந்துவிட்டால் அது ஒட்டாது, இரண்டையும் பிரிக்கும் படலமாகிவிடும். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் பூசிவிட்டு வந்து சாந்து வைக்கிற பழக்கத்தால் கெட்டுப்போன ஒட்டுகள் ஏராளம். சாந்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல், ஒரு மூட்டை சிமெண்டுக்கு 5 முதல் 10 லிட்டர் லேடக்ஸ், டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி. ஒரு தடவைக்கு 12 மி.மீ.-க்கு மேல் ஏற்றினால் சொந்த எடையில் தொங்கிப் பிரியும். இரண்டு அங்குலம் ஆழமாகப் போன இடங்களுக்குச் சாந்து சரிவராது. அடியில் பலகை கட்டி, தானே பரவி நிரம்பும் மைக்ரோ கான்கிரீட் ஊற்ற வேண்டும்.

இந்தக் கீழ்வேலை, மேலே தண்ணீர் நின்ற பிறகுதான். இல்லாவிட்டால் புது ஒட்டுக்குப் பின்னால் ஈரம் தேங்கும்.

பெயிண்ட்காரருக்கு வருவோம். அவர் சொல்லும் கெமிக்கல் பூச்சு மோசமான பொருள் இல்லை. சரிவு சரியாக இருந்து, தளம் காய்ந்திருந்து, விரிசல்களை அடைத்து, முனைகளில் வலைத்துணி வைத்து இரண்டு கோட் அடித்தால் சில வருஷம் நன்றாக உழைக்கும். நம் ஊர் வெயிலுக்கு மூன்று முதல் ஐந்து வருஷத்தில் மறுகோட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். தட்டோட்டின் மேல் அடித்தால் ஓட்டுக்கு அடியிலிருக்கும் பழைய ஈரம் வெளியேற முடியாமல் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும், மிச்சம் கீழே உங்கள் ஹாலுக்குள் வரும். ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளின் நாலு ஓரத்தையும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டு, காலையில் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் அன்று பூசக் கூடாது.

ஹாலுக்கு என் யோசனை, பழைய சுருக்கியை முழுவதும் எடுத்துவிட்டு, தளத்தை ஒரு வாரம் காயவிட்டு, விரிசலை அடைத்து, பூச்சு அடித்து, அதன் மேல் புதிதாகச் சரிவு கொடுத்து ஓடு பதிப்பது. பத்து அடிக்கு இரண்டு அங்குலம் சரிவு வேண்டும். கைப்பிடிச் சுவர் முனையில் சாந்தால் முக்கோணமாக வளைத்துவிட்டு, பூச்சைச் சுவரில் ஓர் அடி உயரம் ஏற்றுங்கள். ஆறு சதுரத்துக்கு நாலு அங்குலக் குழாய் இரண்டு வையுங்கள். ஒன்றில் வேப்பிலை அடைத்தால் இன்னொன்று காப்பாற்றும்.

அறையின் தளத்தை மாற்ற நேர்ந்தால், பக்கத்து ஹாலுக்கும் முட்டுக் கொடுத்த பிறகே உடைக்க வேண்டும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு அறைத் தளமும் நடுச்சுவர் மேல் ஒரே ஓட்டமாகப் போட்டிருப்பார்கள், சுவரருகே மேல்நோக்கி வளைத்துவிட்ட கிராங்க் கம்பி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் போகும். ஒரு பக்கம் போனதும் மறுபக்கத்தின் நடுவில் பாரம் கூடும். முதலில் அந்தப் பகுதிக் கைப்பிடிச் சுவர், பிறகு சுருக்கி, கடைசியாகத் தளம். சின்ன பிரேக்கர் போதும். பெரியதை வைத்து அதிர அடித்தால் முப்பது வருஷத்துச் சுவர் வெடிக்கும். நடுச்சுவருக்குப் பக்கத்தில் கைச்சுத்தியால் கொத்தி, ஹாலிலிருந்து வரும் கம்பியை 45 செ.மீ. நீளம் வெட்டாமல் விட்டு, அதோடு புதுக் கம்பியைக் கோக்க வேண்டும்.

விலையை நான் எழுதினால் அடுத்த மாதமே மாறும், அளவைத் தருகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஐந்து அங்குலத் தளம் என்றால் 50 கன அடி கான்கிரீட். எம்.20 கலவைக்கு 12 மூட்டை சிமெண்ட், 21 கன அடி எம் சாண்ட், 42 கன அடி 20 மி.மீ. ஜல்லி, சுமார் 130 கிலோ கம்பி. இறக்க வேண்டிய இடிபாடு தளத்தில் மூன்றரை டன், சுருக்கியில் இரண்டு டன். ஆறு சதுரத்தையும் உடைத்தால் இது ஐந்து மடங்கு. சிமெண்ட் 57 மூட்டை, இடிபாடு 28 டன் வரும். மேஸ்திரியின் எஸ்டிமேட்டில் இடிபாட்டை அள்ளும் கூலியும் சென்டரிங் வாடகையும் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் அதை 'எக்ஸ்ட்ரா' என்று பின்னால் சொல்வார்கள்.

நம் பக்கத்து ஜல்லிக்குக் குறையில்லை. குறை வருவது தண்ணீரிலும் கவரிலும்தான். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், அதுவும் மணல் ஈரமாக இருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக்கை மூன்று அடிக்கு ஒன்றாகக் கட்டச் சொல்லி, கான்கிரீட் கொட்டுமுன் நீங்களே எண்ணிப் பாருங்கள். பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்துங்கள். பதினைந்து அடி வரை அகலமுள்ள தளத்துக்கு ஏழு நாளில் முட்டுப் பிரிக்கலாம் என்பது சாதாரண சிமெண்டுக்கான விதி. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி., அதாவது சாம்பல் கலந்த, மெதுவாகப் பலம் ஏறும் சிமெண்ட் என்பதால் 14 நாள் விடுங்கள். சென்டரிங்காரர் பலகை கேட்டு அவசரப்படுத்துவார், கொடுக்காதீர்கள். பொங்கல் கழிந்து பங்குனிக்குள் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. சித்திரையில் வெயிலில் கான்கிரீட் காயும், கூடவே காற்றும் கோடை மழையும் வரும்.

மகனுக்கு ஒரு பதில். மாடி எடுப்பதானால் கேள்வி தளத்தைப் பற்றியது மட்டும் அல்ல. தூண் இல்லாமல் சுவர் மேல் நிற்கிற வீடு என்றால், மேல்சுவர் கீழ்ச்சுவருக்கு நேர்மேலே வர வேண்டும், அஸ்திவாரத்தைத் தோண்டி அகலமும் ஆழமும் பார்க்க வேண்டும். ஒட்டுப்போட்ட தளத்தின் நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பவே கூடாது. இரண்டு வருஷத்துக்குள் கட்டப்போவது உறுதி என்றால் ஹாலில் சுருக்கிக்கும் ஓட்டுக்கும் செலவு செய்யாதீர்கள். பூச்சோடு நிறுத்திக்கொண்டு, பொறியாளர் அஸ்திவாரத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு மேற்கொண்டு யோசியுங்கள்.

மாமனார் காலத்துக் கல் பலகைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை, அதில் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது. ஒழுகுவது பலகைகளின் இடுக்கில்தான். பழைய சாந்தை ஓர் அங்குலம் ஆழத்துக்குக் கிளறி எடுத்து, வயர் பிரஷ் போட்டு, நனைத்து, லேடக்ஸ் கலந்த சாந்தால் அடைத்தால் போதும். ஒவ்வொரு பலகையின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் குறுக்காக மெல்லிய கோடு கண்டால், மழைக்குப் பின் அந்தக் கோடு மட்டும் கருத்திருந்தால், அந்தப் பலகை வெடித்திருக்கிறது. கல் தொய்ந்து காட்டாது, ஒரேயடியாக முறியும். அந்தப் பலகைக்கு அடியில் சுவருக்குச் சுவர் ஓர் இரும்பு ஐ கர்டர் கொடுத்து, இடைவெளியில் ஆப்பு வைத்து, கிரவுட் என்ற சுருங்காத சாந்தால் நிரப்ப வேண்டும். கல் பலகையின் மேல் தண்ணீர்த்தொட்டியோ புதுக் கான்கிரீட்டோ ஏற்ற வேண்டாம். கான்கிரீட் தளமும் கல் கூரையும் சேரும் இடத்தைச் சாந்தால் இறுக்கினால் அடுத்த வெயிலில் பிளக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே அளவில் நீளுவதில்லை. அங்கே ரப்பர் போல இழுபடும் பி.யூ. சீலண்ட் போடச் சொல்லுங்கள்.

கொத்தனாரோடு பேசும்போது ஒட்டுவேலையை மொத்தக் காண்ட்ராக்டாக விடாதீர்கள், சதுர அடிக் கணக்கில் பேசுங்கள். கொத்திய பிறகு இடம் விரியும், அது இயல்பு. கொத்தி முடித்து, சாந்து வைக்குமுன் ஒவ்வொரு இடத்தையும் டேப்பால் அளந்து இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், கம்பிக்குப் பின்னால் விரல் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சாந்து வைத்து ஏழு நாள் ஈரச் சாக்கால் நனைத்த பிறகு, சாரம் பிரிக்குமுன் பழையபடி சுத்தியால் தட்டுங்கள். பொத்தென்று கேட்கும் ஒட்டை அவர் செலவில் வெட்டி மறுபடி போட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு, கடைசித் தவணையை அந்தத் தட்டல் முடிந்த பிறகு கொடுங்கள்.